பி.எம்.

மூன்று வரி
இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிட்டது.
எல்லாம் அதனால்தான்.

ஒரு பக்கத்துக்கு மேல் எவரும் புரட்டுவதில்லை என்று
வேலைவாய்ப்பு மையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
முதலில் ஓரங்களை ஒடுக்கினேன்.
பிறகு எழுத்துகளை இளைக்க வைத்தேன்.
ஐலி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து
"எறும்புகளா வேலைக்கு எடுக்கப்போகின்றன?" என்றாள்.
அப்போதும் ஒரு வரி அடங்கவில்லை.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கெட்டிப்பட்டுக் கிடந்தது.
கப்பல் வராத கால்வாய்மேல்
தூக்குப்பாலம் சும்மா நின்றது.
காகித ஆலைக்குப் பூட்டு விழுந்து
நாற்பத்தோரு நாள்.

அவள் குளிக்கப்போன நேரம் பார்த்து
பதவிகள்மேல் கைவைத்தேன்.
'அசிஸ்டென்ட்' நான்கு எழுத்தில் ஒடிந்தது.
'சீனியர்' இரண்டெழுத்தும் ஒரு புள்ளியும் ஆனது;
குன்றுமேல் மடத்துக் கன்னியாஸ்திரீகளுக்கும்
பெயருக்கு முன்னால் அதே இரண்டெழுத்துதான்.
என் ஐலி அரை நொடி துறவு பூண்டு
காகிதக்கூழ் அளந்தாள்.
கடைசியாக,
பதினெட்டு வருடம் ஏறி அவள் போய் உட்கார்ந்த
'புரொடக்‌ஷன் மேனேஜர்'.
பி.எம். என்று தட்டினேன்.
வரி மேலே ஏறி அடங்கியது,
லிஃப்டில் கடைசி ஆள்
வயிற்றை எக்கிக்கொண்டு நுழைவதுபோல.

பெரும்புள்ளி ஆக அவளுக்குப் பதினெட்டு வருடம்.
இரண்டு சிறுபுள்ளி வைத்து
நான் முடித்துவிட்டேன்.

ஈரத்தலையோடு வந்து திரையைப் பார்த்தவள்
"சுருக்கம் முகத்தில் இருக்கிறதே, போதாதா?" என்றாள்.
ஆனாலும் அனுப்பினாள்.

மூன்றாம் வாரம் தொலைபேசி.
ஸ்பீக்கரில் பிரெண்டன் என்றொரு பையன் குரல்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறவன்.
"பதினோரு வருடம் தொடர்ந்து பிற்பகல் ஷிஃப்டா!
இப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்,
எல்லாரும் காலைதான் கேட்கிறார்கள்."

எனக்குத்தான் முதலில் புரிந்தது.
காது சுட்டது.
திருத்தக் கை நீட்டினேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்து
மிளகுக்குப்பியை நகர்த்துவதுபோல
அந்தப் பக்கம் வைத்துவிட்டு
"ஆமாம், பிற்பகல்தான்" என்றாள்.
"பாதி இரவும்."

பொய்யில்லை.
மூன்றாம் இயந்திரம் நின்றால்
அவளுக்குத்தான் அழைப்பு வரும்.
ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்பாள்.
மீனைச் சூடாக்குவேன், மறுபடி சூடாக்குவேன்,
தனியே தின்றுவிட்டுப் படுப்பேன்.
கார் விளக்கு படுக்கையறைச் சுவரில் ஏறி இறங்கும்போது
மணி பார்ப்பதையே
எந்த வருடம் நிறுத்தினேன், நினைவில்லை.

இப்போது மூன்றிலிருந்து பதினொன்று.
மார்பில் பட்டை: ஐலி என்.
நீமி என்கிற இரண்டெழுத்துக்கும்
அங்கே இடமில்லையாம்.

நேற்று அவள் கிளம்பியதும்
பழைய கோப்பைத் திறந்து
ஒவ்வொரு சொல்லாய் நீட்டி எழுதினேன்.
மூன்று வரி திரும்ப வழிந்துபோய்
இரண்டாம் பக்கத்தின் உச்சியில் நின்றன.
கீழே அத்தனையும் வெள்ளை.
அச்சடித்தேன், யாருக்கென்று தெரியாமல்.
அவள் ஆலைக் காகிதம்,
வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் கட்டு.

பதினொன்று நாற்பதுக்கு
படியில் காலணிப் பனியை உதறிவிட்டு
சலவைச்சோடா வாசத்தோடு உள்ளே வந்தாள்.
மேசையில் கிடந்ததை எடுத்து
கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.
முதல் பக்கத்தில் வெகுநேரம் இருந்தாள்.
பிறகு பேனா தேடி
இரண்டாம் பக்கத்து வெள்ளையில்
நாளைக்கு நான் வாங்கவேண்டியதை எழுதினாள்:
பால். படிக்குத் தூவ உப்பு.
உ.கி. ஐந்து பவுண்டு.

உ.கி. என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.
உருளைக்கிழங்காகத்தான் இருக்கும்.
கடையில் நின்று யோசித்துக்கொள்கிறேன்.